கடைசி லயத்துக் கோழிக் குழம்பு

ஜாசின்
8-2-1931

அக்கா வேலாயிக்குத் தம்பி அங்கமுத்து எழுதிக்கொண்டது.

இங்கே உடம்புக்குக் குறைவில்லை. வயிற்றுக்குச் சுத்தமாகக் குறைவில்லை. உன் உடம்பு எப்படி என்று மறக்காமல் எழுது.

நான் இப்போது லாரிக்காரன். சிரிக்காதே. லாரி வைத்திருக்கும் சீன முதலாளி தவுக்கேயிடம் ஒரு வருஷம் கையாளாக இருந்து பழகியது வீண் போகவில்லை, பால் வாளி தூக்கின கைக்குக் கம்பெனிக்காரர்கள் ஸ்டியரிங் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு மலாக்காவில் ஒன்பது தோட்டம். உன் மெர்லிமாவ் தோட்டமும் அதில் ஒன்று. தோட்டம் தோட்டமாகப் போய் அரிசி இறக்குவேன். ரப்பர் ஷீட்டை ஏற்றித் தெங்கேராவில் கிட்டங்கியில் போடுவேன். பக்கத்தில் கொர்னேலியஸ் கிராணி உட்கார்ந்து வருகிறார். ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர், அதிர்ந்து பேசாத மனுஷன். பாவம், வயிற்றில் புண். ரொட்டியும் பார்லித் தண்ணீரும் தவிர ஒன்றும் இறங்காது.

அக்கா, இத்தனை நாள் நாம் இந்தச் சீமையில் மரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம்! ஜாசின் பசாரில் ஒரு மலாய்க்கார அம்மா தேங்காய்ப் பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வாழையிலையில் கட்டிக் கொடுக்கிறாள். கட்டைப் பிரிக்கும்போதே ஆளைத் தூக்குகிறது. ஆயர் பானாஸ் என்ற இடத்தில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் கொதித்துக்கொண்டு வருகிறது. நான் முட்டையைத் துணியில் கட்டிப் போட்டு அவித்துத் தின்றேன். கிராணி காலை நனைத்துக்கொண்டு வேதப்புத்தகம் படித்தார். கம்போங் என்கிற கடலோர மலாய்க் கிராமம் ஒன்றில் பாக் சமாட் என்று ஒரு மீன்காரர் சிநேகமாகியிருக்கிறார். அவர் வீட்டுப் புளிமீன் குழம்பு காதில் புகை வரும்படி உறைக்கும், ஆனாலும் கை நிற்காது.

தோட்டத்துக்குப் போனாலோ விருந்துதான். நாலாங்கட்டைத் தோட்டத்தில் சாமிநாதன் என்று ஒருவர் காட்டுப்பன்றி வறுவல் போட்டார். எட்டாங்கட்டையில் மீனம்மா என்ற அம்மாள் ஆற்று நண்டு பிடித்துக் குழம்பு வைத்தாள். எல்லாம் கிராணிக்கென்று சமைத்தது. அவர் தொடமாட்டார். “நீ சாப்பிடு அங்கமுத்து” என்று தள்ளிவிடுவார். நான் இலையை வழித்துவிட்டு எழுவேன். ரப்பர் விலை விழுந்து வேலை குறைந்து கிடக்கிற இந்த நேரத்திலும் நம் சனங்களுக்கு என்ன மனசு, பார்த்தாயா!

உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

அங்கமுத்து


மெர்லிமாவ் தோட்டம்
17-2-1931

அங்கமுத்துவுக்கு அக்கா எழுதுவது.

கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் எழுத்துத் தெரியாத மனுஷன், எனக்கு வருகிற எதையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கேட்டுவிட்டு, “மச்சானுக்கு லாரி வேலையா! நம்ம மெர்லிமாவுக்கும் வருவாரா?” என்று துள்ளினார். அவருக்குப் பெயர் இருக்கிறது அங்கமுத்து. முனியாண்டி. எழுதினால் உன் பென்சில் முனை ஒடிந்துவிடாது.

மலாய்க்காரி கடையில் தின்கிறாய். முன்பின் தெரியாதவர்களின் லயத்து வீட்டில் பன்றியும் நண்டும் தின்கிறாய். அங்கே யாரிடமாவது சாதி கேட்டாயா? இரண்டு வருஷமாக என் வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறாய். போன தீபாவளிக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்று, “தாகமில்லக்கா” என்றாய். அவர் அந்தச் செம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு விறகு பிளக்கப் போனார். நான்தான் அழுதேன்.

அது கிடக்கட்டும். எனக்கு வேறொரு பயம். பஞ்ச காலத்தில் எவளடா சும்மா நண்டுக் குழம்பு வைப்பாள்? அந்தக் கிராணி தோட்டம் தோட்டமாக வந்து என்ன எழுதுகிறார் என்று கேட்டாயா? ஆள் அதிகம் என்று பிடித்துப் பிடித்து ஊருக்குக் கப்பல் ஏற்றுவதாக இங்கே பேச்சு. மற்றவர்களுக்கென்ன, இலவசக் கப்பல் என்று போகிறவர்களும் இருப்பார்கள். நாங்கள் போக முடியுமா?

உனக்கு நினைவில்லாவிட்டால் எழுதுகிறேன். நான் அவரோடு ஓடிவந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது பெரியப்பா மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். பெரியப்பா மகன்கள் இன்னும் அருவாளைக் கூரை இறவாணத்தில்தான் செருகி வைத்திருக்கிறார்களாம். போன மாதம் ஊரிலிருந்து வந்த ஆள் எங்கள் கங்காணியிடம் சொல்லியிருக்கிறான். ஊர் மண்ணில் கால் வைத்தால் அன்றைக்கே அவர் தலை இருக்காது.

நன்றாகத் தின்னு. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு தின்னு.

வேலாயி


தெங்கேரா, மலாக்கா
5-3-1931

அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. வெளியூரில் தின்பது வேறு, சொந்த பந்தத்துக்குள் தின்பது வேறு. வெளியூரில் தின்றதை யாரும் ஊருக்கு எழுதப்போவதில்லை. உன் வீட்டில் தின்றால் உன் கங்காணியே எழுதுவான். அதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

லாரியில் ஏதோ பட்டை அறுந்து மூன்று நாளாக இங்கே கிடக்கிறேன். ஊரைச் சுற்றிப் பார்த்தேன். மேட்டின்மேல் கூரை இல்லாத ஒரு பழைய மாதா கோயில் நிற்கிறது. உள்ளே சுவரோரமாக ஆள் உயரக் கல்லறைக் கற்களைச் சாத்தி வைத்திருக்கிறார்கள், மண்டை ஓடும் கப்பலும் செதுக்கி. எப்பேர்ப்பட்ட ஆட்கள் கப்பலேறி வந்து இங்கேயே கிடக்கிறார்கள் என்று கிராணி ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். கீழே போர்த்துகீசு வம்சத்து மீனவர்கள் இடுப்பளவு கடலில் நடந்து சல்லடை வலையால் பொடி இறாலை அள்ளுகிறார்கள். அதை உப்புப் போட்டுப் பாட்டிலில் அடைத்து ஊறவைத்தால் ஒரு தொக்கு. முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எலுமிச்சை பிழிந்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு, அதற்கென்று இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

கிராணி எழுதுவது ஆள் கணக்குதான். கேட்டுவிட்டேன். அதைவிட ஒன்று சொல்கிறேன், உன் பயம் போய்விடும். நான் எட்டாங்கட்டைக்கு இரண்டாம் தரம் போனபோது மீனம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, கிராணிகிட்ட எங்களப் பத்தி ஒரு வார்த்த நல்லதா சொல்லுய்யா, மவராசனா இருப்ப” என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, கிராணி காதில் போடும் வாய் என் வாய்தான் என்று. வழியில் சொன்னேன்: “ஐயா, மீனம்மா வீட்டு நண்டுக் குழம்பு மாதிரி ஒன்பது தோட்டத்திலயும் கிடையாது.” அவர் லாரி குலுங்குவதையும் பார்க்காமல், “எந்த வீடு? எத்தனாவது லயம்?” என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். முன்னே சாமிநாதன் வீட்டைப் பற்றிச் சொன்னபோதும் அப்படித்தான் எழுதினார். என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு! நம்மால் நாலு குடும்பம் நிலைத்தால் புண்ணியம்தானே.

ஒரு விஷயம் மட்டும் மனசுக்குச் சரியில்லை. போன வாரம் நாலாங்கட்டைக்குப் போனேன். நடு லயத்தில் பாதி வீடு காலி. சாமிநாதன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பழைய சாம்பல். கோழிகள் மட்டும் வீட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. “கப்பலுக்குப் போய்ட்டாங்கப்பா” என்று கிராணி சொன்னார். சொந்த ஊர் ஆசையாக இருக்கும், போயிருப்பார்கள்.

அங்கமுத்து


மெர்லிமாவ் தோட்டம்
14-3-1931

தம்பிக்கு,

சாமிநாதன் ஊர் ஆசையில் போனாரா? கோழியை யாருக்கும் கொடுக்காமல், கதவையும் சாத்தாமல் போகிறவன் ஆசையாகவா போவான்? எனக்கு உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு வருகிற இருபதாம் தேதி உன் லாரி வருகிறது என்று ஆபீசில் சொன்னார்கள். கூலியைப் பாதியாக்கப் போகிறார்கள், யார் நிற்பது யார் போவது என்று கிராணிதான் எழுதப்போகிறார் என்றும் சொன்னார்கள். லயம் முழுக்க ஒரே கிசுகிசு.

உன்னிடம் இதுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கிராணியிடம் போய், “இது என் கூடப் பிறந்த அக்கா குடும்பம், இவர்கள் ஊருக்குப் போனால் உயிர் தங்காது” என்று சொல். நண்டும் பன்றியும் பேச வேண்டாம். அக்கா என்று சொல். அந்த ஒரு வார்த்தை போதும்.

இன்னொன்று. என் வீட்டுக்காரர் தான் வளர்த்த சாம்பல் கோழியை உனக்காக அறுக்கப் போகிறாராம். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “மச்சான் சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாட்டியும் சரி, நம்ம வீட்ல அன்னிக்கு அடுப்பு எரியணும்” என்கிறார். வாசலோடு போவதானால் முன்கூட்டியே எழுதிவிடு. கோழியாவது பிழைக்கும்.

வேலாயி


ஜாசின்
22-3-1931

அன்பு அக்காவுக்கும் மச்சான் முனியாண்டிக்கும்,

எழுதிவிட்டேன் பார், மச்சான் என்று. பென்சில் ஒடியவில்லை.

அக்கா, நேற்று முன்தினம் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வருகிறது. வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவது என்றுதான் வந்தேன். மச்சான் எனக்கு முன்னால் வரவே இல்லை. நான் சங்கடப்படக்கூடாது என்று வீட்டுக்குப் பின்னால் போய் நின்றாரே, அதுதான் என்னைச் சுட்டது. என் காலே என்னை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. மிளகு தூக்கலாக, அம்மா வைப்பது போலவே அந்தக் கோழிக் குழம்பு! நான்கு தரம் சோறு வாங்கினேன். மூன்றாம் தரம் மச்சான் வந்து குழம்பு ஊற்றினார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் மென்று விழுங்கியிருக்க முடியாது. இத்தனை வருஷம் எந்தக் கழுதைப் புத்தியில் வாசலில் நின்றேனோ!

ஒன்பது தோட்டத்துச் சாப்பாட்டையும் ஒரு தட்டில் வை, உன் குழம்பை ஒரு தட்டில் வை, உன் தட்டுத்தான் தாழும். லாரியில் ஏறினதும் கிராணியிடம் அதையே சொன்னேன். “கடைசி லயம், முனியாண்டி வீடு. அந்தக் கோழிக் குழம்புக்கு ஈடு இல்லைங்க ஐயா” என்று. உடனே எழுதிக்கொண்டார். ஆகையால் கவலையை விடு, நீ கேட்டதைச் சொல்லியாகிவிட்டது.

அடுத்த மாதம் வரும்போது பாக் சமாட்டிடம் நல்ல மீனாக வாங்கி வருகிறேன். மச்சானை அரைக்கச் சொல், நான் சமைக்கிறேன்.

உன் தம்பி
அங்கமுத்து


ஜாசின்
2-4-1931

அக்கா,

இந்தக் கடிதத்தை முதலில் நீ தனியாகப் படி. மச்சானுக்கு அப்புறம் வாசித்துக் காட்டு.

நேற்று எட்டாங்கட்டைக்குப் போனேன். லாரி சத்தம் கேட்டதும் லயத்தில் பெண்கள் அவசர அவசரமாக அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வரிசையாகப் புகை கிளம்பிப் பிறகு ஒன்றுமில்லை. மீனம்மா வீடு காலி. பக்கத்து வீட்டுக் கருப்பாயி, எனக்குப் போன தரம் கொடுக்க ஒன்றுமில்லாமல் கஞ்சித் தண்ணீர் கொடுத்தவள், அவள் மட்டும் இருக்கிறாள். கதவுக்குள் நின்றபடியே கேட்டாள்: “இன்னிக்கி யார் வீட்ல திங்க வந்தே? நீ சப்புக் கொட்டின வூடெல்லாம் காலியாப் போச்சுடா பாவி. ஒண்ணுமில்லாத நாங்கதான் மிச்சம்.”

திரும்பும்போது லாரியை வழியிலேயே நிறுத்திக் கிராணியைக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். “பெரிய துரை உத்தரவு அங்கமுத்து. வயிறு காஞ்சவன் பாதிக் கூலிக்கு நிப்பான். கோழியும் காய்கறித் தோட்டமும் வச்சு வயித்துக்கு வழி பண்ணிக்கிட்டவன் நிக்கமாட்டான், கேள்வி கேப்பான். அவனை முதல்ல கப்பலேத்துன்னாரு. நான் வீடு வீடா அடுக்களையில போய்ப் பாக்க முடியுமா? உன் வாய் எனக்குச் சௌகரியமா இருந்துச்சு.” அந்த மனுஷனும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

அக்கா, நான் சொன்ன வீடெல்லாம் போய்விட்டது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவனாகிவிட்டேன். உன் வீட்டையும் நான்தான் சொன்னேன்.

காலில் விழுந்தேன். “கடைசி லயத்து முனியாண்டி பேரை அடிச்சிருங்கய்யா, அது என் அக்கா வீடு” என்று கதறினேன். கிராணி அப்படியே என்னைப் பார்த்தார். “உன் அக்காவா? அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எழுதியே இருக்கமாட்டேனேப்பா. துரை கையெழுத்துப் போட்டு லிஸ்டு பட்டணத்துக்குப் போயிடுச்சே” என்றார்.

ஆமாம் அக்கா. நான் சொல்லவில்லை. போன கடிதத்தில் சொல்லிவிட்டதாக எழுதினேன், அது பொய். நாக்கு நுனி வரை வந்தது. அக்கா என்றால், அவள் புருஷன் எந்தச் சாதி என்று கிராணி கேட்பாரே, லாரி ஆபீசில் நம்மூர் ஆட்கள் இருக்கிறார்களே என்று வெட்கம் வந்து முழுங்கிவிட்டேன். மச்சான் கையால் தின்ற குழம்பின் ருசி வாயில் இருக்கும்போதே முழுங்கினேன். என்னைச் செருப்பால் அடி.

ஆனால் இப்போது அழ நேரமில்லை. உங்கள் தோட்டத்துக்குப் பதினோராம் தேதி ஆள் ஏற்ற லாரி வரும். அதற்கு முன்னால் இரண்டு பேரும் கிளம்பிவிடுங்கள். மெர்லிமாவ் பசாரிலிருந்து கடற்கரைப் பாதையில் நடந்தால் பாக் சமாட் கம்போங். அவரிடம் சொல்லிவிட்டேன். “அக்கா வரட்டும்லா, வலைக் குடிசையில இருக்கட்டும், யார் வந்து கேப்பா?” என்றார். இரண்டு மாதம் அங்கே கிடந்தால் அடுத்த வழி பார்க்கலாம். சாமான் ஒன்றும் எடுக்க வேண்டாம். மச்சானை எப்படியாவது கிளப்பு.

அங்கமுத்து


போர்ட் சுவெட்டன்ஹாம், கப்பல் கேம்ப்
16-4-1931

அங்கமுத்துவுக்கு,

உன் கடிதம் ஆறாம் தேதியே கைக்கு வந்துவிட்டது. தாமதம் என்று தபால்காரன் மேல் பழி போட வழியில்லை. ஐந்து நாள் இருந்தது. பாக் சமாட் கம்போங் ஒரு காலை நடைதான்.

அவருக்கு வாசித்துக் காட்டினேன். லிஸ்டில் பெயர் இருப்பதையும், லாரி வரும் தேதியையும், ஓடச் சொல்லி நீ எழுதியதையும் வாசித்தேன். கிராணியிடம் நீ என்ன சொன்னாய், என்ன சொல்லவில்லை என்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “எதுக்கு புள்ள ஓடணும்? நாம என்ன திருடிட்டா வந்தோம்? முன்ன மாதிரி இல்ல இப்ப. மச்சானே நம்ம வீட்ல ஒக்காந்து நாலு தரம் வாங்கிச் சாப்புட்டாரு. கிராணிகிட்ட நம்மளச் சொந்தம்னு சொல்லியிருக்காரு. இதுக்கு மேல ஒன் பெரியப்பா என்ன சொல்லிட முடியும்?” என்றார். நான் எவ்வளவோ மன்றாடினேன். அடித்துச் சொல்லியும் பார்த்தேன். “ஒன் தம்பி பயந்தவரு, பாசத்துல எழுதுறாரு” என்று சொல்லிவிட்டார்.

அந்த நாலு வரியை வாசித்திருந்தால் அவர் ஓடியிருப்பார். எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் தாளைக் கையில் எடுத்தேன். முந்தின மாதம் நீ சாப்பிட்டுப் போன நாளிலிருந்து அந்த மனுஷன் நடக்கிற நடையே வேறு. லயத்துக்காரர்களிடம் தலையை நிமிர்த்திப் பேசினார். ஐந்து வருஷத்தில் நான் பார்க்காத முகம் அது. அதைப் பார்த்துக்கொண்டு, “அவன் உன்னைச் சொந்தம் என்று சொல்லவில்லை, வெட்கப்பட்டான்” என்று எப்படியடா வாசிப்பேன்? உயிரைக் காப்பாற்ற வேண்டியவள் நான்தான். வாய் வரவில்லை. நீ முழுங்கினாய், நானும் முழுங்கினேன். உன்னைச் செருப்பால் அடிக்க எனக்கு யோக்யதை இல்லை.

லாரியில் ஏறும்போது எங்கள் கங்காணி வந்து, நாங்கள் வருகிற சேதியை ஊருக்கு ஏற்கெனவே எழுதிவிட்டதாகப் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான். “நல்லதாப் போச்சு, ஸ்டேஷனுக்கு ஆள் வரும்” என்று இவர் அவனுக்குக் கும்பிடு போட்டார். வேறு ஊர்ப் பெயர் சொல்லலாம் என்று கேம்ப் ஆபீசில் கேட்டுப் பார்த்தேன். சேர்ந்தபோது எழுதிய ஊருக்குத்தான் டிக்கெட்டாம்.

முந்தாநாள் இங்கே சித்திரை பிறந்தது. கேம்ப்பில் பாயசம் ஊற்றினார்கள். வருகிற வழியில் தம்பின் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற நேரத்தில் இவர் டோடோல் வாங்கினார். தேங்காய்ப் பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டிப் பாக்கு மட்டையில் கட்டுகிறார்களே, அது. இரண்டு கட்டு. ஒன்று பெரியப்பாவுக்காம், ஒன்று அவர் மகன்களுக்காம். “அவுங்க இதைத் தின்னுருக்க மாட்டாங்கள்ல?” என்று என்னிடம் கேட்கிறார். எறும்பு வராமல் இருக்கத் தலைமாட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இப்போது முகச்சவரம் செய்துகொள்ள வெளியே போயிருக்கிறார். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நாளைக்குக் கப்பல். நாகப்பட்டினம் சேர ஏழெட்டு நாளாகும். நீ இன்றைக்கே பெரியப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. அது எங்களுக்கு முன்னால் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது. முனியாண்டி என் மச்சான், அவர் வீட்டில் நான் சாப்பிட்டேன், வேலாயி என் அக்கா என்று உன் கையெழுத்துப் போட்டு எழுது.

வேலாயி